நாரா நகரில் ஒரு நாள்

ஜப்பானின் துறைமுக நகரங்களுள் ஒன்றாகிய கோபேயில், தொழில் நிமித்தமாகக் குடும்பத்துடன் சில ஆண்டுகள் வசித்தேன். என் தொழில் உலோக வார்ப்படம். அந்நகரில் இந்திய வணிகர் குடியேறி நூறாண்டுக்கு மேலாகிறது. துணி வணிகத்திலும் முத்து வணிகத்திலும் பெயர் பெற்றவர்கள் அவர்கள். ஆகவே துவரம்பருப்புக்கும் புளிக்கும் அங்கே பஞ்சமில்லை. பேச்சுத் துணைக்குத்தான் பஞ்சம். பகல் முழுவதும் ஆலையிலும் பள்ளியிலும் கழிக்கும் எங்களுக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில், மூன்று மாதம் எங்களோடு தங்கியிருக்க வந்த என் தாயாருக்கு வந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

என் தந்தையார் 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாப் பெருந்தொற்று மிகக் கடுமையாக இருந்த நாட்களில், கும்பகோணத்தில் காலமானார். வழக்கமான விமானங்கள் நின்றிருந்தன. நாடுகளின் எல்லைகள் அடைபட்டிருந்தன. என்னால் போக முடியவில்லை. சிற்றப்பா மகன் கொள்ளி வைத்தான். யாரோ ஒருவர் நடுங்கும் கையால் பிடித்துக் காட்டிய காட்சியைக் கைபேசியின் சிறு திரையில் நான் கோபேயில் இருந்தபடி பார்த்தேன். தாயார் வந்து சேர்ந்த பிறகும் அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவர் ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கையில் பிள்ளைகளுக்கு வசந்தகால விடுமுறை வந்தது. ஆலையில் ஒரு நாள் விடுப்புப் பெற்றுக்கொண்டு, எல்லோருமாக நாரா நகருக்குப் புறப்பட்டோம். “அங்கே என்ன விசேஷம்?” என்று தாயார் கேட்டார். “பெரிய புத்தர் கோயில் இருக்கிறது, அம்மா” என்றேன். “புத்தர் கோயிலா? நாம் போகலாமோ?” என்று தயங்கினார். “மானுக்குத் தீனி போடலாம், பாட்டி” என்று என் மகன் சொன்னது அந்த ஐயத்தைத் தீர்த்துவிட்டது.

கோபேயின் சன்னோமியா நிலையத்தில் ஏறினால், இடையில் இறங்காமல் ஒன்றரை மணி நேரத்துக்குள் நாராவை அடைந்துவிடலாம். இரண்டு தனியார் இருப்புப் பாதைகளை 2009-ஆம் ஆண்டில் இணைத்ததன் பயன் இது. புளியோதரைப் பொட்டலங்களை என் மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். வழியெல்லாம் மான்கள், 1,000-க்கு மேற்பட்ட மான்கள் அந்நகரத்துப் பூங்காவில் கட்டுக் காவலின்றித் திரிகின்றன. கசுகா என்னும் ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி அவ்வூருக்கு வந்தது என்பது ஐதிகம். ஆதலால் அவற்றை யாரும் துன்புறுத்துவதில்லை. தவிடும் மாவும் கலந்து சுட்ட வில்லைகளை விற்கிறார்கள். வில்லையைக் காட்டினால் மான் தலையைத் தாழ்த்தி வணக்கம் செய்கிறது. அமாவாசைதோறும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துப் பழகிய என் தாயார், ஒரு கட்டு வில்லையையும் ஒரே மானுக்கு ஊட்டிவிட்டார். மற்ற மான்கள் அவருடைய புடைவைத் தலைப்பைச் சுவைத்துப் பார்த்தன.

கோயிலின் பெயர் தோதாய்ஜி. கிழக்குப் பெருங்கோயில் என்பது அதன் பொருள். முதலில் எதிர்ப்படுவது தெற்குப் பெருவாயில். அதன் இருபுறமும் 8 மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு மரச் சிற்பங்கள், புடைத்த நரம்பும் உருட்டி விழித்த கண்ணுமாக நிற்கின்றன. “துவாரபாலகர்!” என்றார் தாயார், நான் வாய் திறக்கும் முன்பே. ஒன்றுக்கு வாய் திறந்திருக்கிறது, மற்றொன்றுக்கு மூடியிருக்கிறது. எழுத்துகளின் முதல் ஒலியையும் முடிவு ஒலியையும் அவை குறிக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஓங்காரம் என்று விளக்கினேன். உன்கெய், கைகெய் என்னும் புகழ்பெற்ற சிற்பிகளும் அவர்கள் கூட்டத்தாரும் 1203-ஆம் ஆண்டில் 69 நாட்களில் இவற்றைச் செய்து முடித்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,000 மரத்துண்டுகளைப் பொருத்தியது. 1988-இல் தொடங்கிய பழுதுபார்ப்பின்போது உள்ளே வைத்திருந்த ஏடுகள் கிடைத்தன. எந்த உருவத்தை யார் செய்தார் என்பது அவற்றால் தெளிவாயிற்று.

வாயிலைக் கடந்து சென்றால் பெருமண்டபம். அகலம் 57 மீட்டர். உயரம் 48 மீட்டருக்கு மேல். முழுவதும் மரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இதைவிட உயரமானதுதான்; ஆனால் அது கல். கல்லுக்கு நெருப்புப் பயமில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் அது தேவைப்படும்.

உள்ளே அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தரின் உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். ‘வைரோசனர்’, அதாவது எங்கும் ஒளி பரப்புபவர், என்பது திருநாமம். நிமிர்ந்து பார்த்த பிள்ளைகள் சற்று நேரம் பேச்சற்று நின்றார்கள். “இவ்வளவு பெரிதாக எதற்குச் செய்தார்கள், அப்பா?” என்று மகள் கேட்டாள். பதிமூன்று வயதுப் பெண் கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பலாக விடை கூற இயலாது.

735-ஆம் ஆண்டில் பெரியம்மை நோய் ஜப்பானின் தென்மேற்குத் தீவாகிய கியூஷுவில் தோன்றிற்று. இரண்டே ஆண்டுகளில் தலைநகராகிய நாரா வரை பரவிற்று. நாட்டு மக்களில் நான்கில் ஒருவர் அல்லது மூன்றில் ஒருவர் மாண்டிருக்கலாம் என வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். ஏழை குடிசைகளோடு அது நிற்கவில்லை. ஆட்சியின் தூண்களாக விளங்கிய ஃபுஜிவாரா குலத்துச் சகோதரர் நால்வரும் 737-ஆம் ஆண்டில் அடுத்தடுத்து இறந்தார்கள். அரசி கோம்யோவுக்கு அவர்கள் உடன்பிறந்தோர். சக்கரவர்த்தி ஷோமு இத்துன்பத்திற்குத் தம்மையே காரணமாகக் கருதினார். அரசன் அறம் தவறினால் நாடு நோயுறும் என்னும் நம்பிக்கை நமக்கும் புதிதன்று. நிலைகொள்ளாமல் தலைநகரையே பலமுறை இடம் மாற்றிய அவர், 743-ஆம் ஆண்டில் இந்தப் பெரிய திருவுருவத்தை அமைக்க ஆணையிட்டார்.

அந்த ஆணையில் ஒரு புதுமை உண்டு. செல்வமும் அதிகாரமும் என்னிடம் இருக்கின்றன, அவற்றால் உருவத்தை எளிதில் செய்துவிடலாம், ஆனால் உள்ளம் நிறைவு பெறாது என்று கருதிய அரசர், ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ ஒருவன் விரும்பினாலும் அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். ஊர் ஊராகச் சென்று பாலமும் குளமும் அமைத்து மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த கியோகி என்னும் துறவியின் உதவியையும் நாடினார். இதே கியோகியை, பொதுமக்களைக் கூட்டிப் போதிக்கிறார் என்பதற்காக அரசாங்கம் முன்னர்க் கண்டித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லோரும் மனமுவந்து மண் சுமந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 757-ஆம் ஆண்டில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று பிடிபட்ட நராமாரோ என்னும் பிரபு, இக்கோயில் கட்டியதால் மக்கள் வருந்தினார்கள் என்பதைத் தம் குறைகளுள் ஒன்றாகக் கூறினார். அவர் நோக்கம் எதுவாயினும் கூற்றில் உண்மை இருந்திருக்க வேண்டும். நோயால் ஆள் குறைந்த நாட்டில் இத்தனை பேரை வேலைக்குத் திரட்டுவது எளிய செயலன்று.

இவ்வாறு நான் சொல்லிக்கொண்டிருக்கையில் தாயார் உருவத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் சுவாமிமலை. ஸ்தபதிகளின் பட்டறை வாசலில் விளையாடி வளர்ந்தவர். “ஏண்டா, இதற்கு எவ்வளவு மெழுகு பிடித்திருக்கும்?” என்று கேட்டார். வார்ப்படத் தொழிலில் இருபது ஆண்டு கழித்த நான் இக்கோயிலுக்கு இரண்டு முறை வந்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

சுவாமிமலையில் உருவத்தை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஒரே முறையாக வார்ப்பார்கள். இந்த அளவுள்ள உருவத்துக்கு அம்முறை உதவாது. உச்சி வரை நிரம்புமுன் அடியில் வார்த்த உலோகம் இறுகிப்போகும். எனவே நாராவின் வினைஞர்கள் வேறு வழி கண்டார்கள். மரச் சட்டத்தின்மேல் களிமண்ணால் முழு அளவில் ஓர் உருவம் அமைத்தார்கள். அதன் புறத்தே மண்ணால் அச்சு எடுத்து, துண்டு துண்டாகக் கழற்றிச் சுட்டு வைத்தார்கள். பிறகு களிமண் உருவத்தின் மேற்பரப்பைச் சில விரற்கடை ஆழத்திற்குச் செதுக்கினார்கள். கழற்றிய அச்சை மீண்டும் சுற்றிலும் நிறுத்தினால், செதுக்கிய அளவுக்கு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் வெண்கலம் பாய்ந்தது.

அதுவும் ஒரே நாளிலன்று. 747 முதல் 749 வரை அடியிலிருந்து மேலாக எட்டு அடுக்குகளாக வார்த்தார்கள். ஓர் அடுக்கு முடிந்ததும் சுற்றிலும் மண் மேடு எழுப்பி, மேட்டின்மேல் உலைகளை ஏற்றி, அடுத்த அடுக்கை வார்ப்பார்கள். எட்டாவது அடுக்கு முடிந்தபோது புத்தர் ஒரு மண்மலைக்குள் புதைந்திருந்தார். மலையை உச்சியிலிருந்து வெட்டி இறக்கித்தான் அவரை வெளிக்கொணர்ந்தார்கள். செலவான செம்பு ஏறத்தாழ 500 டன். தலைமை வினைஞர் கிமிமாரோ, கொரியாவிலிருந்து குடியேறிய ஒருவரின் பேரர். பொன் பூசியதும் கடினமான வேலையே. ஒரு பங்கு பொன்னை ஏறத்தாழ ஐந்து பங்கு பாதரசத்தில் கரைத்துப் பூசி, கரி நெருப்பால் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் தங்கும். அந்த ஆவி கொடிய நஞ்சு. அதைச் சுவாசித்தபடி ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களை எண்ணாமல் அந்தப் பொன்னொளியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

“அப்படியானால் இது ஆயிரத்து இருநூறு வருஷத்து விக்கிரகம்” என்றார் தாயார். இங்கேதான் நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. 1180-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் மண்டபம் எரிந்து சிலை உருகிச் சிதைந்தது. அறுபது வயது கடந்த ச்சோகென் என்னும் துறவி ஊர் ஊராகப் பொருள் திரட்டி மீண்டும் அமைத்தார். 1567-இல் மறுபடியும் போர்; மறுபடியும் தீ; புத்தரின் தலை கீழே விழுந்தது. தலையைத் தகடு வைத்து ஒட்டினார்கள். தற்காலிகமாகப் போட்ட கூரையைப் 1610-இல் புயல் வீழ்த்தியது. அதன்பின் பல பத்தாண்டுகள் புத்தர் வெயிலிலும் மழையிலும் பனியிலும் அமர்ந்திருந்தார். அக்காட்சியைக் காணப் பொறாத கோகெய் என்னும் துறவி ஓடேந்திப் புறப்பட்டார். 1692-இல் சிலை நிறைவெய்தியது. மண்டபம் 1709-இல்தான் முடிந்தது. கோகெய் அதைக் காணவில்லை, 1705-இல் காலமாகிவிட்டார்.

ஆகவே இன்று நாம் காண்பது மூன்று காலத்து உலோகம். பீடத்தின் தாமரை இதழ்களிலும், தொடை, சட்டைக்கை போன்ற சில பகுதிகளிலும் எட்டாம் நூற்றாண்டு எஞ்சியிருக்கிறது. உடலின் பெரும்பகுதி பிற்காலத்தது. தலையோ 17-ஆம் நூற்றாண்டினது. மண்டபமும் பழைய அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கே; முன்னது 86 மீட்டர். பெருமரம் கிடைக்காத காலமாதலின் தூண்களைக்கூடப் பல மரங்களைச் சேர்த்து இரும்புப் பட்டை கட்டி அமைத்தார்கள். மண்டபத்தின் எதிரே நிற்கும் எண்கோண வெண்கல விளக்கு மட்டும் இரண்டு தீயிலும் தப்பிய எட்டாம் நூற்றாண்டுப் பொருள். இதைச் சொன்னதும் தாயார் வெளியே சென்று, அந்த விளக்கைத் தொட்டுவிடாத தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். பிறகு புத்தரையும் வலம் வந்தார். எது பழையது என்னும் ஆராய்ச்சி அவருடைய வலத்தைத் தடுக்கவில்லை.

இனி, நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி. 752-ஆம் ஆண்டு நான்காம் மாதம் ஒன்பதாம் நாள் திருவுருவத்துக்குக் கண் திறக்கும் விழா நடைபெற்றது. பொன்பூச்சு அப்போது முடிந்திருக்கவில்லை. அரசர் காத்திருக்க விரும்பவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்பே அரியணையை மகளிடம் ஒப்படைத்துவிட்ட ஷோமு, உடல் நலம் குன்றியிருந்தமையால், தூரிகையை ஏந்தும் பெரும் பொறுப்பை ஓர் இந்தியத் துறவியிடம் அளித்தார். அவர் பெயர் போதிசேனர். சீனத்துக்குச் சென்று தங்கியிருந்து, ஜப்பானியத் தூதரின் அழைப்பை ஏற்று 736-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கரையில் இறங்கியவர். அவருடைய சீடர் வரைந்த நினைவுரை அவரைத் தென்னிந்திய அந்தணர் என்று கூறுகிறது. மதுரை என்று ஊரையே குறித்துவிடுவோர் ஆசை மிகுதியால் கூறுகிறார்கள் என்பது என் கருத்து. தென்னாடு என்ற அளவில் நாம் மகிழ்ந்தால் போதும். அவர் திரும்பி வரவில்லை. 760-இல் அங்கேயே காலமானார்.

அன்று போதிசேனர் ஏந்திய தூரிகையில் நீண்ட பட்டுக் கயிறுகளைக் கட்டியிருந்தார்கள். கயிறுகள் மண்டபத்துக்கு வெளியேயும் சென்றன. அருகே வர இயலாதவர்கள் அவற்றைக் கையால் பற்றிக்கொண்டு நின்றார்கள். தூரிகை கண்மணியைத் தீட்டியபோது, கயிற்றைப் பிடித்திருந்த ஒவ்வொருவரும் தீட்டியதாகவே கருதப்பட்டது. ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள நீலப் பட்டுக் கயிறு ஒன்று இன்றும் இருக்கிறது, தூரிகையும் இருக்கிறது. முதல் தீக்குப் பின் 1185-இல் நடந்த கண் திறப்பில், துறவறம் பூண்டிருந்த முன்னாள் சக்கரவர்த்தி கோ-ஷிராகவா அதே தூரிகையை எடுத்துத்தான் தீட்டினார்.

தாயார் வெகு நேரம் பேசாமல் நின்றார். பின்பு, “தள்ளி நின்று கயிற்றைப் பிடித்தவர்களுக்கும் அந்தப் புண்ணியம் உண்டோ?” என்று கேட்டார்.

“உண்டு என்றுதான் அவர்கள் நம்பினார்கள், அம்மா.”

“சரி” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புளியோதரையை மான்களிடமிருந்து காப்பாற்றி உண்டு முடித்தபின், மண்டபத்தின் பின்புறமாக ஷோசோ-இன் என்னும் கருவூலத்தைக் காணச் சென்றோம். தூண்கள்மீது தரையிலிருந்து உயர்த்தி, முக்கோணமாகச் செதுக்கிய கட்டைகளை அடுக்கிக் கட்டிய நீண்ட மரக்கட்டடம் அது. ஷோமு 756-இல் மறைந்த பின், அரசி கோம்யோ கணவருடைய பொருள்களைப் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவை இங்கேதான் பல நூற்றாண்டுகள் இருந்தன. பாரசீகக் கண்ணாடிக் கிண்ணம், இந்தியாவில் பிறந்த வடிவம் எனக் கருதப்படும் ஐந்து நரம்பு யாழ், இன்னும் 9,000 அளவிலான பொருள்கள். அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் அவற்றைச் சேர்ந்தவையே. இப்போது அருகிலுள்ள புதிய கட்டடங்களில் காக்கிறார்கள். பழைய கட்டடத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்; தாயாருக்கு இல்லை. “அவள் அவர் சாமானையெல்லாம் எடுத்து வைத்தாளாக்கும்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

மாலையில் மேட்டின்மீதுள்ள இரண்டாம் மாத மண்டபம் என்னும் நிகத்சுதோவுக்கு ஏறினோம். பதினொரு முக அவலோகிதேசுவரரின் ஆலயம் அது. மக்கள் அனைவரின் பிழைகளுக்காகவும் மன்னிப்பு வேண்டி மார்ச் மாதத்தின் முதல் இரு வாரங்களில் பதினொரு துறவியர் அங்கே நோன்பு இருப்பர்; இரவில் பெரும் தீப்பந்தங்கள் மேல்தளத்தைச் சுற்றி ஓடும். கண் திறந்த அதே 752-இல் தொடங்கிய இந்த நோன்பு ஒரு வருடமும் விட்டுப்போகவில்லை. மண்டபங்கள் எரிந்து சாம்பலான அடுத்த ஆண்டிலும் நடந்தது. இதே நிகத்சுதோ 1667-இல் எரிந்தபோதும் நின்றுவிடவில்லை. நாங்கள் போனபோது விழா முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

“நோய் வந்த வருஷம்?” என்றார் தாயார்.

“எந்த நோய், அம்மா?”

“நம்முடைய நோய்தான்.”

2021-ஆம் ஆண்டிலும் நடந்தது என்றேன். துறவியர் முன்கூட்டியே இரண்டு வாரம் தனித்திருந்து, பிறகு நோன்பை நடத்தினார்கள். கூட்டத்தை மட்டும் தடுத்திருந்தார்கள்.

திரும்பும் ரயிலில் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். ஒசாகாவைத் தாண்டும்போது, தாயார் அந்த மே மாதத்து நாளைப் பற்றித் தாமாகவே பேசத் தொடங்கினார். அன்று காலை அப்பா என்ன கேட்டார், எத்தனை மணிக்கு மூச்சு நின்றது, கைபேசியைப் பிடித்திருந்தது அடுத்த வீட்டுப் பையன், அவன் கை ஏன் அப்படி நடுங்கியது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். சன்னோமியா வந்து நாங்கள் இறங்கியபோதும் அவர் சொல்லி முடித்திருக்கவில்லை. நடைமேடையில் இருந்த பலகையில் அமர்ந்து, முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.